படுத்தவுடன் மூக்கடைப்பது ஏன்?

பகல் முழுவதும் தடையின்றி மூச்சு விட்ட மூக்கு, இரவில் தலையணையில் தலை சாய்த்த சிறிது நேரத்திலேயே அடைத்துக்கொள்கிறது. இடப்பக்கம் திரும்பிப் படுத்தால் இடது நாசி அடைபடுகிறது. வலப்பக்கம் திரும்பினால் அடைப்பும் வலப்பக்கத்திற்கு மாறுகிறது. எழுந்து அமர்ந்தால் மூச்சு சீராகிறது. மீண்டும் படுத்தால் பழைய கதையே. வாய்வழியே மூச்சு விட்டு, வறண்ட தொண்டையோடும் கனத்த தலையோடும் விடியலில் எழுபவர்கள் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒருவராவது இருப்பார்கள்.

இதனை நோயென்று கருதாமல் பொறுத்துக்கொள்வோரும் உண்டு. மருந்துக்கடையில் ஒரு சொட்டுமருந்துக் குப்பியை வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துவோரும் உண்டு. இவ்விரண்டுமே சரியான வழிகள் அல்ல. அடைப்பு ஏன் உண்டாகிறது என்பதை அறிந்துகொண்டால், எது இயல்பானது, எதை வீட்டிலேயே சரிசெய்யலாம், எதற்கு மருத்துவரை நாட வேண்டும் என்று நாம் பிரித்தறிய இயலும்.

அடைப்பது சளி மட்டுமன்று

மூக்கடைப்பு என்றவுடன் சளி கட்டிக்கொண்டிருப்பதாகவே நாம் எண்ணுகிறோம். ஆனால் படுக்கையில் உண்டாகும் அடைப்பில், எவ்வளவு சிந்தினாலும் பெரும்பாலும் ஒன்றும் வருவதில்லை. காரணம், அங்கே வழியை மறிப்பது பெரும்பாலும் சளியன்று; இரத்தம் நிறைந்து பருத்த சவ்வே ஆகும்.

மூக்கின் ஒவ்வொரு பக்கத்திலும், உட்புறச் சுவரிலிருந்து சுருள் வடிவில் மூன்று மேடுகள் நீண்டிருக்கின்றன. மருத்துவர்கள் இவற்றை 'டர்பினேட்' என்பர். உள்ளே மெல்லிய எலும்பும், அதன்மேல் சளிச்சவ்வும் கொண்ட இம்மேடுகளில், குறிப்பாகக் கீழ்மேட்டில், விரிந்து சுருங்கவல்ல சிறு சிரைகள் நெருக்கமாக அமைந்துள்ளன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்றை வெதுவெதுப்பாக்கி, ஈரமூட்டி, தூசு நீக்கி நுரையீரலுக்கு அனுப்பும் பணியை மூக்கு செய்கிறது. அப்பணிக்கு வேண்டிய வெப்பத்தையும் ஈரத்தையும் தருவது இந்த இரத்த ஓட்டமே. இச்சிரைகள் நிரம்பினால் மேடுகள் பருத்துக் காற்றுவழி குறுகும். வடிந்தால் வழி அகலும். பஞ்சு நீரை உறிஞ்சிப் பருப்பது போன்ற நிகழ்வு இது.

படுக்கும்போது நிகழும் மாற்றங்கள்

முதற்காரணம் புவியீர்ப்பு. நாம் நிற்கும்போதும் அமர்ந்திருக்கும்போதும் தலை இதயத்தைவிட உயரத்தில் இருப்பதால், தலையிலிருந்து சிரைகள் வழியே இரத்தம் எளிதில் இறங்கிவிடுகிறது. படுத்தவுடன் தலையும் இதயமும் ஏறக்குறைய ஒரே மட்டத்திற்கு வந்துவிடுகின்றன. கழுத்துச் சிரைகள் நிரம்புகின்றன. தலைப்பகுதிச் சிரைகளில் அழுத்தம் உயர்கிறது. மூக்கு மேடுகளிலுள்ள சிரைகளிலும் இரத்தம் தேங்கி அவை பருக்கின்றன. இம்மாற்றம் அனைவருக்கும் நிகழ்வதே. நலமான மூக்கில் வழி போதிய அளவு அகலமாக இருப்பதால் நாம் அதனை உணர்வதில்லை. ஒவ்வாமையாலோ தடுமத்தாலோ ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூக்கில், இச்சிறு கூடுதலே வழியை முற்றும் அடைத்துவிடப் போதுமானதாகிறது.

இரண்டாவது காரணம் நரம்புகளின் கட்டுப்பாடு. மூக்கின் இரத்தக்குழாய்களைச் சுருக்கி வைப்பவை, நாம் விழிப்போடும் இயக்கத்தோடும் இருக்கையில் மிகுதியாகச் செயல்படும் பரிவு நரம்புகள். விரைந்து நடக்கும்போதும் உடற்பயிற்சி செய்யும்போதும் மூக்கு நன்கு திறந்துகொள்வது இதனால்தான். ஓய்விலும் உறக்கத்திலும் இந்நரம்புகளின் செயல் தணிகிறது; இரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிகின்றன.

மூன்றாவது, உடலின் நாளொழுங்கு. வீக்கத்தைத் தணிக்கும் இயற்கைச் சுரப்பான கார்ட்டிசால், காலையில் உயர்ந்தும் நள்ளிரவை ஒட்டி மிகத் தாழ்ந்தும் இருக்கும். ஒவ்வாமை உடையோர்க்கு இரவிலும் விடியற்காலையிலும் தொல்லை மிகுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மாறி மாறி அடைப்பது எதனால்?

நம்மில் பெரும்பாலோர்க்கு இரு நாசிகளும் ஒரே அளவில் திறந்திருப்பதில்லை. ஒருபக்கம் சற்றுப் பருத்திருக்கையில் மறுபக்கம் சுருங்கியிருக்கும்; சில மணிநேரம் கழித்து முறை மாறும். 1895-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் கைசர் இதனை விவரித்தார். இன்று மருத்துவ நூல்கள் இதனை 'மூக்குச் சுழற்சி' என்கின்றன. இரு நாசிகளின் வழியாகவும் செல்லும் மொத்தக் காற்று ஏறக்குறைய மாறாதிருப்பதால், இச்சுழற்சி நம் கவனத்திற்கு வருவதில்லை. மூக்கு வீங்கியிருக்கும் காலத்தில் மட்டும், பருக்கும் முறை எந்தப் பக்கத்திற்கு வருகிறதோ அப்பக்கம் முழுதும் அடைபட்டதாக உணர்கிறோம்.

நம் நாட்டு யோக மரபு இம்மாற்றத்தை நெடுங்காலத்திற்கு முன்பே கவனித்திருந்தது. இடது நாசியில் ஓடும் மூச்சைச் சந்திரகலை என்றும், வலது நாசியில் ஓடுவதைச் சூரியகலை என்றும் வழங்கி, எது ஓடுகிறது என்று நோக்குவதைச் 'சரம் பார்த்தல்' என்றனர். முனிவர் சிற்பங்களிலும் ஓவியங்களிலும் காணப்படும் யோகதண்டத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதனை அக்குளில் ஊன்றி மூச்சோட்டத்தைப் பக்கம் மாற்றும் வழக்கம் இருந்தது. இதற்கு உடலியல் அடிப்படையும் உண்டு. அக்குளிலும் விலாப்பக்கத்திலும் அழுத்தம் விழுந்தால், நரம்புகளின் அனிச்சைச் செயலால் அப்பக்க நாசி அடைத்து மறுபக்க நாசி திறக்கிறது.

ஒருக்களித்துப் படுக்கும்போதும் இதுவே நிகழ்கிறது. கீழ்ப்பக்கத் தோளும் விலாவும் அழுந்துகின்றன. புவியீர்ப்பும் அப்பக்கத்திற்கே இரத்தத்தை ஈர்க்கிறது. ஆகவே கீழே உள்ள நாசி அடைகிறது. புரண்டு படுத்தால் சிறிது நேரத்தில் அடைப்பும் இடம் மாறுகிறது. இவ்வாறு இடம் மாறும் அடைப்பு, பெரும்பாலும் சவ்வின் வீக்கத்தால் ஆனது என்று கொள்ளலாம். எப்படிப் படுத்தாலும் எப்போதும் ஒரே பக்கம் மட்டும் அடைத்திருந்தால் காரணம் வேறாக இருக்கக்கூடும். மருத்துவரிடம் செல்லும்போது இந்த ஒரு செய்தியைக் கூறுவதே அவருக்குப் பெரிதும் உதவும்.

படுக்கையிலேயே இருக்கும் காரணங்கள்

படுத்தவுடன் மூக்கு அடைப்பதற்குப் படுக்கும் நிலை மட்டுமன்றிப் படுக்கையும் காரணமாகலாம். மெத்தையிலும் தலையணையிலும் கம்பளியிலும், கண்ணுக்குப் புலப்படாத தூசிப்பூச்சிகள் வாழ்கின்றன. இவற்றின் நீளம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகள்களே இவற்றின் உணவு. இவை கடிப்பதில்லை, ஆனால் இவற்றின் கழிவு காற்றில் கலந்து மூக்கினுள் சென்று, ஒவ்வாமை உடையோர்க்குத் தும்மலையும் நமைச்சலையும் அடைப்பையும் உண்டாக்குகிறது.

தூசிப்பூச்சிகள் காற்றிலுள்ள ஈரத்தைக் கொண்டே உயிர் வாழ்கின்றன. ஆதலால் சென்னை, மும்பை, கொச்சி, கொல்கத்தா போன்ற ஈரப்பதம் மிகுந்த நகரங்களில் இவை செழிக்கின்றன. வடமாநிலங்களில், ஆண்டு முழுதும் பெட்டியில் மடித்து வைத்த ரஜாயைக் குளிர் தொடங்கியதும் வெயிலில் காட்டாமல் அப்படியே போர்த்திக்கொள்வோர்க்கு முதல் இரவே தும்மல் தொடங்குவதைக் காணலாம். பணிமாற்றத்தால் ஊர் விட்டு ஊர் செல்லும் குடும்பங்களில், ஓரூரில் இல்லாத மூக்கடைப்பு மற்றோரூரில் தோன்றுவதற்குப் புதிய இடத்தின் ஈரம், சுவரில் படரும் பூஞ்சை, காற்றிலுள்ள மகரந்தம், புகை ஆகியவை காரணமாகலாம்.

படுக்கையறையில் கொளுத்தப்படும் கொசுவர்த்திச் சுருள், ஊதுவத்தி, சாம்பிராணி ஆகியவற்றின் புகை சவ்வை உறுத்தும். நெடுநாள் துப்புரவு செய்யாத குளிர்சாதனப் பெட்டியின் வடிகட்டியும், மின்விசிறி இறகுகளில் படிந்த தூசும் அவ்வாறே. இரவு உணவு உண்டவுடன் படுப்போர் சிலருக்கு இரைப்பை அமிலம் மேலேறித் தொண்டையில் உறுத்தலையும் சளி தேங்கிய உணர்வையும் தருவதுண்டு.

உடலினுள் இருக்கும் காரணங்கள்

மூக்கின் நடுச்சுவர் ஒருபக்கமாக வளைந்திருத்தல் பலரிடம் காணப்படுவது. வளைவு இருக்கிறது என்பதற்காக மட்டும் அறுவை சிகிச்சை வேண்டியதில்லை. அதுவே அடைப்பிற்கு முதன்மைக் காரணம் என்று உறுதிப்பட்டால்தான் வேண்டும். 'பாலிப்' எனும் மென்மையான சதை வளர்ச்சி இருபக்கமும் தோன்றினால், அடைப்போடு மணம் நுகரும் திறனும் குறையும். குழந்தைகளுக்கு மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதை பருத்திருந்தால், வாயைத் திறந்தவாறு உறங்குதல், குறட்டை, அமைதியற்ற உறக்கம் ஆகியவை காணப்படும். வகுப்பில் கவனமின்மை என்று நாம் கடிந்துகொள்ளும் குழந்தை, உண்மையில் இரவில் நன்கு உறங்காத குழந்தையாக இருக்கக்கூடும்.

கருவுற்ற பெண்கள் சிலருக்குத் தடுமமோ ஒவ்வாமையோ இன்றியே மூக்கடைப்பு உண்டாகி, மகப்பேற்றுக்குப்பின் தானே நீங்கும். தைராய்டு சுரப்புக் குறைவும் ஒரு காரணமாகலாம். இரத்த அழுத்தத்திற்கும் புரோஸ்டேட் வீக்கத்திற்கும் தரப்படும் மருந்துகளுள் சில, இரத்தக்குழாய்களை விரிப்பதால் மூக்கடைப்பைத் தருவதுண்டு. அவ்வாறு ஐயம் எழுந்தால், மருந்தைத் தாமாக நிறுத்தாமல் அதனை எழுதித்தந்த மருத்துவரிடமே கேட்க வேண்டும்.

சொட்டுமருந்து என்னும் கடன்

சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் ஆகியவற்றைக் கொண்ட மூக்குச் சொட்டுமருந்துகள், பருத்த இரத்தக்குழாய்களைச் சுருக்கிச் சில நிமிடங்களில் மூச்சைத் திறக்கின்றன. கடும் தடுமத்தின்போது மூன்று அல்லது நான்கு நாட்கள் பயன்படுத்துவதில் பெரியவர்களுக்குப் பொதுவாகத் தீங்கில்லை. ஐந்து நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் நிலைமை மாறத் தொடங்குகிறது. மருந்தின் செயல் முடிந்தவுடன் சவ்வு முன்னினும் மிகுதியாக வீங்குகிறது. அதைத் தணிக்க மீண்டும் மருந்து. அதன்பின் மீண்டும் வீக்கம். கடனை அடைக்கப் புதுக்கடன் வாங்குவோரின் நிலை இது. ஒவ்வொரு முறையும் வட்டி ஏறுகிறதேயன்றி அசல் குறைவதில்லை. தொடக்கத்தில் இருந்த தடுமம் என்றோ நீங்கியிருக்கும். இப்போது அடைப்பை உண்டாக்குவதே மருந்துதான் என்பது பயன்படுத்துவோர்க்குத் தெரிவதில்லை.

இப்பழக்கத்திலிருந்து மீள முடியும். மருத்துவர்கள் இம்மருந்தை நிறுத்தச் செய்து, வீக்கத்தைத் தணிக்கும் வேறுவகை மூக்குத் தெளிப்பு மருந்தைத் தருவர். முதற்சில இரவுகள் துன்பமாக இருக்கும். அதன்பின் மூக்கு படிப்படியாக இயல்புக்குத் திரும்பும்.

அடைப்பு நீக்கும் மாத்திரைகளிலும் கவனம் தேவை. இவற்றுள் சில, இரத்த அழுத்தத்தை உயர்த்தலாம். புரோஸ்டேட் வீக்கம் உள்ள முதியோர்க்குச் சிறுநீர் கழிப்பதைக் கடினமாக்கலாம். குளோர்பெனிரமின், பினைலெப்ரின் ஆகிய இரண்டும் சேர்ந்த தடும மருந்தை 4 வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரலாகாது என்னும் எச்சரிக்கையை அச்சிடுமாறு, 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பணித்துள்ளது. வீட்டில் மீந்திருக்கும் மருந்தைக் குழந்தைக்குப் புகட்டும் முன் நாம் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

மூக்கில் தடவும் தைலம் பற்றியும் ஒரு சொல். அதிலுள்ள மெந்தால், குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுவதால் மூச்சு தாராளமாகச் செல்வது போன்ற உணர்வு உண்டாகிறது. வழி உண்மையில் அகலுவதில்லை. உறங்குவதற்கு அவ்வுணர்வு உதவினால் பெரியவர்கள் மார்பிலும் கழுத்திலும் தடவிக்கொள்ளலாம். நாசித்துளைக்குள் தடவுதல் கூடாது. இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்குக் கற்பூரம் கலந்த தைலம் அறவே கூடாது.

வீட்டில் செய்யத்தக்கவை

தலைப்பகுதியை உயர்த்திப் படுத்தல் முதல் வழி. தலையணைகளை அடுக்கினால் கழுத்து மடங்கி வலிக்கும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் உறுதியான கட்டைகளை வைத்து 15 சென்டிமீட்டர் அளவு உயர்த்துதல் நன்று. கைக்குழந்தைகளுக்கு இவ்வழி வேண்டா. அவர்களுக்குத் தலையணையும் தேவையில்லை. மிகுதியாக அடைக்கும் பக்கம் மேலே இருக்குமாறு ஒருக்களித்துப் படுப்பதும் பலருக்குப் பயன் தரும்.

படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை, 60 பாகை செல்சியசுக்குக் குறையாத வெந்நீரில் துவைத்தல் தூசிப்பூச்சிகளைக் கொல்லும். மெத்தையையும் தலையணையையும் கடும் வெயிலில் காயவைத்துத் தட்டி எடுக்கும் நம் பழைய வழக்கம், அவற்றின் ஈரத்தைப் போக்குவதால் பயனுடையது. தட்டும் வேலையை ஒவ்வாமை உடையவர் செய்தலாகாது. பழைய பஞ்சுத் தலையணைகளை மாற்றுதல், நெருக்கமான நெசவுடைய முழு உறைகளை இடுதல், அறையை ஈரத்துணியால் துடைத்தல் ஆகியவையும் உதவும்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுதல், சவ்வின்மேல் படிந்த தூசையும் சளியையும் நீக்கும். இதற்குப் பயன்படுத்தும் நீர் நன்கு கொதிக்கவைத்து ஆறவைத்ததாகவே இருக்க வேண்டும். குழாய்நீரையோ கிணற்றுநீரையோ நேரடியாக மூக்கில் செலுத்தினால், அரிதாயினும் உயிருக்கு ஊறு விளைக்கும் அமீபாத் தொற்று மூளையை அடையும் வாய்ப்பு உண்டு. ஆவி பிடித்தல் தற்காலிக இதம் தரும். கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோகும் நேர்ச்சிகள் உண்டாதலால், அவர்களுக்கு இதனைத் தவிர்த்தல் நலம்.

ஒவ்வாமை அடைப்பிற்கு மருத்துவர் எழுதித்தரும் ஸ்டீராய்டு தெளிப்பு மருந்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மிகச் சிறிய அளவில் மூக்கினுள் மட்டும் செயற்படும் மருந்து அது. சொட்டுமருந்து போல உடனே பயன் தராது. நாள்தோறும் தவறாது பயன்படுத்தினால் சில நாட்களில் பயன் தெரியும். இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பயனில்லை என்று ஒதுக்குவதே பலர் செய்யும் பிழை. வலது நாசிக்கு இடக்கையாலும் இடது நாசிக்கு வலக்கையாலும் தெளித்தால், மருந்து நடுச்சுவரில் படாமல் உட்புற மேடுகளில் படும்.

மருத்துவரை நாட வேண்டிய நேரம்

எப்போதும் ஒரே பக்கம் அடைத்திருத்தல், அடைப்போடு இரத்தம் கசிதல், மணம் தெரியாமற்போதல், முகவலியோடு காய்ச்சல் ஆகியவை இருந்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைக் காண வேண்டும். கண்ணைச் சுற்றி வீக்கமோ பார்வை மங்கலோ தோன்றினால் அன்றே செல்ல வேண்டும். சிறு குழந்தைக்கு ஒரு நாசியில் மட்டும் துர்நாற்றத்தோடு சளி வடிந்தால், உள்ளே மணியோ விதையோ சிக்கியிருக்கக்கூடும். கைக்குழந்தைகள் பெரும்பாலும் மூக்கின் வழியே மூச்சு விடுவோராதலால், அடைப்பினால் பால் குடிக்கத் திணறினால் காலம் தாழ்த்தலாகாது.

உரத்த குறட்டையும், இடையிடையே மூச்சு நின்று திடுக்கிட்டு விழித்தலும், பகலில் அடக்கவியலா உறக்கமும் இருந்தால், அது வெறும் மூக்கடைப்பன்று. உறக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். கவனியாது விட்டால் இரத்த அழுத்தம் உயரும். வண்டி ஓட்டுகையில் கண்ணயர்ந்து விபத்து நேரலாம். உறங்குபவர்க்குத் தம் நிலை தெரியாதாதலால், அருகில் உறங்குவோர்தாம் இதனைக் கவனித்துச் சொல்ல வேண்டும்.

மருத்துவரிடம் செல்லுமுன் ஒரு வாரத்திற்குச் சிறு குறிப்பு எழுதி வருமாறு நாம் பரிந்துரைக்கிறோம். எத்தனை மணிக்கு அடைத்தது, எந்தப் பக்கம், புரண்டு படுத்தபோது மாறியதா, எந்த மருந்தை எத்தனை நாட்களாகப் பயன்படுத்துகிறீர்கள், வேறூரில் தங்கிய இரவுகளில் எப்படி இருந்தது என்னும் ஐந்து செய்திகள் போதும். வங்கிக் கணக்கேட்டில் வரவு செலவைப் பார்ப்பதுபோல் அதனைப் பார்த்தால், காரணம் படுக்கையிலா, மருந்திலா, மூக்கின் அமைப்பிலா என்பது உங்களுக்கே ஓரளவு புலப்படும். மருத்துவருக்கும் பாதி வேலை முடிந்திருக்கும்.